நேத்து மாதிரி சொல்லுங்கம்மா

என் மகள் என்னைப் பற்றிப் பேசியதை நான் முதலில் கேட்டது பால் நிறுக்கிற இடத்தில்.

பகல் பதினொன்றரை இருக்கும். அன்றைக்கு வெட்டின ரப்பர் பாலைச் சேர்த்துக்கொண்டு வந்து வாளிகளை வரிசையில் வைத்திருந்தோம். எனக்கு முன்னால் நாலு பேர். லயத்து வீட்டு வரிசையில் எனக்கு அடுத்த அறையில் இருக்கிற பக்கத்துக் காம்பராக்காரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். எதற்கும் சிரிக்கிறவள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அக்கா, இது ஒங்க மகதானே?"

பார்த்தேன். மகள்தான். கொழும்பில் அவள் தங்கியிருக்கிற போர்டிங் அறை. பின்னால் சுவரில் அவளுடைய கைப்பை தொங்கியது. முகத்தில் பவுடர் இல்லை. கண் வீங்கியிருந்தது.

"சத்தத்தக் கூட்டு" என்றேன்.

கூட்டினாள்.

"எனக்கு அப்ப நாலு வயசு" என்றாள் மகள். "அன்னைக்கும் எப்பவும் போல அம்மா என்னைய புள்ளக்காம்பராவுல விட்டுட்டுப் போனாங்க. சாயங்காலம் எல்லாருக்கும் அம்மா வந்தாங்க. எனக்கு வரல. ஆறு வருஷம் வரல. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னைக்குத்தான் சொல்றேன்."

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீடியோ அங்கே நின்று, திரும்ப முதலிலிருந்து ஓடியது.

என் முறை வந்தது. வாளியைத் தூக்கி வைத்தேன். நிறுக்கிற கங்காணி சிங்களவர், நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்து, "மொக்கத அக்கே, அசனீபத?" என்று கேட்டார். உடம்பு சரியில்லையா என்கிறார்.

"நே மாத்தயா" என்றேன், இல்லை ஐயா என்று.

பாலை ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிறகு சொன்னார்களாம், பெற்ற மகள் அழுகிறதைப் பார்த்தும் கை நடுங்கவில்லை, என்ன பொம்பளை இவள் என்று.

மகள் சொன்னதில் பொய் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

புள்ளக்காம்பரா என்பது வேலைக்குப் போகிற தாய்மார் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். தோட்டத்தில் பிறந்த எல்லாரும் அங்கே வளர்ந்தவர்கள்தான். நானும். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகும் முன்னால் விடுவோம். வேலை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருவோம்.

அந்த வருஷங்களில் எங்கள் தோட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் வெளிநாடு போனார்கள். வீட்டுவேலைக்கு. அத்தனை பேரும் புள்ளக்காம்பரா வழியாகத்தான் போனார்கள். பிள்ளையிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அழும். பயணம் புறப்படும்போது பிள்ளை அழுதால் போகிற இடம் விளங்காது என்று ஒரு பேச்சு. வயசானவர்களும் அதைத்தான் சொன்னார்கள். யட்டியாந்தோட்டை கடைத்தெருவில் பாஸ்போட்டுக்கு ஆள் பிடித்த ஏஜன்டும் அதைத்தான் சொன்னான். "புள்ளைய எப்பவும் போல விட்டுட்டு, எப்பவும் போல வாங்க. அழுவாச்சி ஆகாது" என்றான். அதனால் பை முந்தின நாளே வேறொரு வீட்டுக்குப் போய்விடும். நல்ல சேலையை அங்கே போய்த்தான் மாற்றுவது. பிள்ளையை விடும்போது வேலைக்குப் போகிற பழைய உடுப்பு, தலையில் துணி, கையில் பால் வாளி. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாரும் அப்படிச் செய்ததால் அது தப்பு என்று தெரியவில்லை. நானும் வாளியோடு போய்த்தான் விட்டேன்.

என் வீட்டுக்காரர் அப்போது இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். தேங்காய் பறிக்க ஏறி விழுந்தது. என் ஒருத்தி சம்பளம் பத்தவில்லை. வேறு காரணம் இல்லை. குவைத்துக்குப் போனேன். ரெண்டு வருஷத்துக்குத்தான் போனேன். பிறகு இன்னும் ரெண்டு. பிறகு இன்னும் ரெண்டு. அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். கடைசிப் பிள்ளை என்னைத்தான் அம்மா என்று கூப்பிட்டது. அது அங்கே.

இங்கே வந்தபோது மகளுக்குப் பத்து வயது. அவருடைய அக்காதான் அவளை வளர்த்தார். மகள் அத்தையை அம்மா என்றாள். என்னைக் கூப்பிடவே மாட்டாள். என்னிடம் ஏதாவது வேண்டுமானால் எதிரே வந்து நிற்பாள். நான் பார்க்கிற வரைக்கும் நிற்பாள். ஒரு வருஷம் அப்படி நின்றாள். ஒருநாள் சுடுதண்ணீர்ப் பானை சரிந்தபோது "அம்மா, தள்ளுங்க" என்று கத்தினாள். அன்றையிலிருந்து அம்மா.

அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. நான் போயிருந்த வருஷங்களைப் பற்றி அவள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. அவள் பெரியவளானாள். ஏ.எல். வரைக்கும் படித்தாள். அவர் இறந்தபோது தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பிறகு கொழும்பில் ஒரு உடுப்புக் கடையில் வேலை கிடைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள். மழையா, சாப்பிட்டீங்களா, முட்டுவலி எப்படி. நானும் அதேதான் கேட்பேன், முட்டுவலி தவிர. மறந்துவிட்டாள் என்றுதான் இருந்தேன். நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன நினைவு இருக்கும் என்று.

அந்த வீடியோவுக்குப் பிறகு லயத்தில் எல்லாருக்கும் அதுதான் பேச்சு. என் முன்னால் பேச மாட்டார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் நிறுத்திவிடுவார்கள். ஒருத்தி மட்டும் என் காதுபடவே, "குவைத்து ராணி வாறா, வழி விடுங்கடி" என்றாள். பழைய பட்டம். வந்த புதிதில் வைத்தது. இருபது வருஷத்துக்கு அப்புறம் எடுத்து வெளியே போட்டாள்.

பக்கத்துக் காம்பராக்காரி என் பக்கம்தான். "நீங்க மனசுல வைக்காதீங்கக்கா" என்றாள். "எம்மக என்னையப் பத்தி வீடியோ போட்டா, எங்கம்மா சோத்துல ஒரு நாளாச்சும் ஒழுங்கா உப்புப் போட்டதில்லன்னுதான் போடுவா. அதுக்கும் ஆயிரம் பேரு அழுவாங்க."

"என்ன எழுதிருக்காங்க கீழ?" என்று கேட்டேன்.

"வேணாங்கக்கா."

"படி."

எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்பு. வாசிப்பேன், ஆனால் போனில் எழுத்து ஓடிவிடும். அவள் படித்தாள். அழுவாதீங்க தங்கச்சி. நீங்க ரொம்பத் தைரியம். எனக்கும் இதேதான் நடந்துச்சு. இவளெல்லாம் ஒரு தாயா. இப்படிப்பட்டவளுக்குப் பிள்ளை எதுக்கு. அந்தம்மாவக் காட்டுங்க, நாங்க கேக்கறோம்.

நடுவில் ஒன்றை அவள் தாண்டிப் போனாள். நான் விடவில்லை. அது மகளைப் பற்றி. நல்லா நடிக்குது, லைக்குக்காக அழுவுது, அம்மா அனுப்பின காசுல படிச்சிட்டு இப்ப பேச வந்துருச்சு என்று யாரோ எழுதியிருந்தார்கள். எங்கள் தோட்டத்தைத் தெரிந்த ஆள்தான். அதற்குக் கீழே நிறையப் பேர். ஆமா பொய், பொய் என்று.

என்னைத் திட்டினது எனக்கு உறைக்கவில்லை. அது உறைத்தது. அவள் பொய் சொல்லவில்லையே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் போன் எடுத்தாள். மழையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்."

"கோவமா?"

"இல்ல."

"எதாவது சொல்லுங்கம்மா."

"என்ன சொல்ல? நீ சொன்னது சரிதான்."

அவள் அழுதாள். சரிதான் என்பதைவிட வேறு எதையோ எதிர்பார்த்தாள் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. பௌர்ணமிப் போயாவோடு சேர்த்து மூன்று நாள் லீவு வருகிறது, வீட்டுக்கு வருகிறேன் என்றாள்.

வந்தாள். மெலிந்திருந்தாள். போன் கையைவிட்டு இறங்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன விளக்கு எடுத்து மேசையில் வைத்தாள். மூன்று காலில் நிற்கிற கம்பி ஒன்றும் வைத்தாள்.

"இதெல்லாம் என்ன?" என்றேன்.

"வீடியோ எடுக்கறதுக்கும்மா."

அவளே சொன்னாள். முதலில் உடுப்பு காட்டினாளாம், கடையில் வருகிற புது உடுப்பு. யாரும் பார்க்கவில்லை. பகிடியும் பண்ணினாளாம். அதற்கும் ஆள் இல்லை. ஒருநாள் அவளுடைய பிறந்தநாளுக்கு அறையில் தனியாக இருந்து அழுதுகொண்டே ஏதோ பேசிப் போட்டாள். அதை எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்தார்கள். இன்னும் சொல்லுங்க, மனசைத் தொறந்து பேசுங்க என்றார்கள். சொல்லச் சொல்லக் கேட்டார்கள். ஒரு வாரம் சொல்லாவிட்டால் எங்கே போனீங்க என்று கேட்டார்கள்.

"எனக்கு யாரும்மா இருக்காங்க அங்க? கடையில நாள் பூரா நின்னுட்டு அறைக்கு வந்தா, எப்பிடி இருக்கேன்னு கேக்க ஆள் இல்ல. இவங்க கேட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் அவளிடம் கேட்டது மழையையும் சோற்றையும்தான்.

"நடிச்சா கண்டுபுடிச்சிருவாங்க" என்றாள். "உண்மையா இருக்கணும். உண்மையா இருந்தும் பொய்யின்னு சொல்றாங்க பாருங்க. அதான் நீங்க ஒரு தடவ பேசினா..."

"எனக்குப் பேச வராது புள்ள."

"சும்மா, நடந்தது நடந்தமாதிரி."

"வராது."

அதோடு விட்டுவிட்டாள். முகம் வாடிப்போயிற்று. ஆனால் வற்புறுத்தவில்லை.

அன்று பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கத்து மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சண்டைகூடக் கேட்காது. குசினியில் நாங்கள் ரெண்டு பேரும். அவள் தேங்காய் துருவினாள். நான் நெத்தலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளினேன். போன் உள் அறையில் கிடந்தது.

தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க திரும்பிக்கூடப் பாக்கலையாம்மா?"

எதனால் சொன்னேன் என்று தெரியாது. மழைச் சத்தமாக இருக்கலாம். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டதாகவும் இருக்கலாம். எழுதும்போதும் அப்படித்தான், யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சொல்லிவிட்டேன்.

புள்ளக்காம்பராவுக்குப் பின்னால் ஒரு சுவர். பிள்ளைகளின் துணி காயப்போடுகிற இடம். அவளை விட்டுவிட்டு வந்து அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் அழுதால் போவதில்லை என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அவரிடமும் சொல்லவில்லை. ஏஜன்ட் திட்டினால் திட்டட்டும், பாஸ்போட்டை அடுப்பில் போடுவது என்று நின்றேன். அன்றைக்கு அவளுக்கு ரெண்டு டொபி மிட்டாய் கொடுத்திருந்தேன். எப்போதும் கொடுக்காதது. உள்ளே அவள் இன்னொரு பிள்ளையிடம், "எங்கம்மா ரெண்டு குடுத்தாங்க, ஒனக்கு ஒன்னு" என்றாள். பிறகு எதற்கோ சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் நடுவில் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வரும். அது வந்தது. நான் அழுகைக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பஸ் ஹோன் அடித்தது. போய்விட்டேன்.

குவைத்தில் ஆறு வருஷமும் என்னிடம் இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். போட்டோ கொண்டுபோகவில்லை. அதையும் சொன்னேன்.

சொல்லும்போது அழுதேன் போலிருக்கிறது. கருவாட்டுக் கையால் துடைத்ததில் கண் எரிந்தது. அவள் தேங்காயை வைத்துவிட்டு வந்து என் முகத்தை அவளுடைய தாவணியால் துடைத்தாள். அப்படியே என் தோளில் சாய்ந்துகொண்டாள். பத்து வயதில் என்னிடம் வந்தவள், ஒருநாளும் சாய்ந்ததில்லை.

சாய்ந்தபடியே கேட்டாள்.

"அப்ப நான் அழுதிருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்களா?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்த பேச்சு அது. அதற்குள்ளே பிள்ளைமேல் போய் விழுகிற பழி ஒன்று இருந்தது எனக்குத் தெரியவில்லை.

"நீ சின்னப் புள்ள" என்றேன். "ஒம்மேல ஒன்னுமில்ல பாப்பா. போனது நான்தான்."

"இல்லம்மா, கேக்கறேன். அழுதிருந்தா?"

"தெரியாது" என்றேன். அதுதான் உண்மை. அழுதிருந்தாலும் பஸ் ஹோன் அடித்ததும் போயிருப்பேனோ என்னவோ.

அவள் ஏதோ சொல்லப்போனாள். வாயைத் திறந்தாள். நான் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இருந்தேன். அது என்ன வார்த்தை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவள் சொன்னது வேறு.

"இத அவங்க கேக்கணும்மா" என்றாள். "ஒங்கள எவ்வளவு கேவலமாப் பேசறாங்க. எல்லாம் என்னாலதான். இத மட்டும் கேட்டாங்கன்னா ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க. ஒங்களுக்காகத்தாம்மா கேக்கறேன்."

"ஒங்கிட்டச் சொல்லிட்டேன். அது போதும்."

"எனக்குப் போதும்மா. அவங்களுக்கு?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் முகத்தில் சூது இல்லை. என்மேல் விழுந்த சேற்றை அவள் கையாலேயே கழுவப் பார்த்தாள். கழுவுகிற தண்ணீர் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இதையும் மறுத்தால் திரும்ப ஒருதரம் விட்டுப்போன மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். சரி என்றேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மரம் நனைந்திருந்ததால் வெட்டு இல்லை. நல்ல சேலையைக் கட்டினேன். அவள் வேண்டாம் என்றாள்.

"வேலைக்குப் போற உடுப்பே போடுங்கம்மா. அதான் உண்மையா இருக்கும்."

லீவு நாளில் வேலை உடுப்பைப் போட்டேன். தலையில் துணியையும் கட்டச் சொன்னாள். கட்டினேன். விளக்கைப் பொருத்தினாள். போனைக் கம்பியில் நிறுத்தினாள். நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன்.

"எங்க பாக்கறது?"

"இந்தக் கறுப்புப் புள்ளிய. நான் பின்னால இருக்கேன், என்கிட்டச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். சுவர், டொபி, சிரிப்பு, பஸ். எல்லாம் சொன்னேன். பெரட்டில் பேர் கூப்பிட்டால் சொல்கிற மாதிரி வந்தது. முடிந்ததும் அவள் போனில் போட்டுப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

"அம்மா, நேத்து மாதிரி சொல்லுங்கம்மா."

"அதேதானே சொன்னேன்."

"அதேதான். ஆனா நேத்து அப்பிடி இல்ல. நேத்து அழுதீங்க. இடையில நிறுத்திட்டு, மெதுவா... அந்த டொபி வாற இடத்துல ஒங்களால பேச முடியாமப் போச்சில்ல, அந்த மாதிரி."

வாசலில் பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, சினிமாவுல சேந்துட்டீங்களா?" என்றாள். மகள் கையைக் காட்டினாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

ரெண்டாவது தடவை சொன்னேன். டொபி வருகிற இடத்தில் நிறுத்தினேன். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன். வரவில்லை.

"பரவால்லம்மா. ஒரு தடவ மட்டும். கடைசி."

மூன்றாவது தடவை சொல்லத் தொடங்கினேன். புள்ளக்காம்பராவுக்குப் பின்னால் ஒரு சுவர் என்றேன். சொல்லும்போது அந்தச் சுவரைத் தேடினேன். தெரியவில்லை. முன்னெல்லாம் கண்ணை மூடினால் போதும். சுண்ணாம்பு உரிந்த இடம்கூடத் தெரியும். இப்போது சுவர் என்கிற சொல் மட்டும் வந்தது. சிரிப்பைத் தேடினேன். சிரித்தாள் என்று வாய் சொன்னது. சத்தம் கேட்கவில்லை. அந்த விக்கல் கேட்கவில்லை. முந்தின நாள் மழைக்குள் அவளுக்குச் சொன்னபோது கேட்டது. இப்போது இல்லை.

அப்போது அழுதேன். வாய்விட்டு அழுதேன். அவர் போனபோதுகூட அப்படி அழவில்லை.

மகளும் அழுதாள். போனை நிறுத்திவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இதுதாம்மா" என்றாள். "இதுதான். இத்தன வருஷம் எப்பிடிம்மா உள்ளயே வச்சிருந்தீங்க?"

எதற்கு அழுதேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஒருதரம் சொல்லவேண்டி வரும்.

பின்னேர பஸ்ஸுக்குப் போனாள். ஒருநாள் லீவு பாக்கி இருந்தது. வீடியோவை வெட்டி ஒட்ட வேண்டும், அதற்கு இங்கே சிக்னல் பத்தாது என்றாள். ரோட்டு வரைக்கும் கூடப் போனேன். பஸ்ஸில் ஏறும்போது திரும்பிப் பார்த்துக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

ரெண்டு நாளில் வீடியோ வந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லாம் தெரிந்தது. பீலியில் எனக்கு முன்னால் தண்ணீர் பிடிக்கச் சொல்லி வழிவிட்டார்கள். குவைத்து ராணி என்றவள் என் கையைப் பிடித்து, "தெரியாமப் பேசிட்டேன் மதினி, நானும் பெத்தவதானே" என்று மூக்கைச் சிந்தினாள். அவளும் அந்த வருஷங்களில் வெளிநாடு போனவள்தான். அவளுடைய மகன் இப்போது அவளோடு பேசுவதில்லை.

கீழே சிங்களத்திலும் எழுத்துப் போட்டிருந்தாளாம் மகள். அதனால் கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிற பெண்களும் பார்த்துவிட்டார்கள். பால் நிறுக்கும்போது, "அனே பவ், அக்கே" என்றார்கள். ஐயோ பாவம் என்று. நாட்டுக்கு வெளியிலிருந்தெல்லாம் எழுதியிருந்தார்களாம். தாய்னா இவதான் தாய். ஒங்க காலத் தொட்டுக் கும்பிடணும். நீங்க எந்தத் தப்பும் செய்யல அம்மா. மகள் நடிக்கிறாள் என்று எழுதின அந்த ஆளும் மன்னிப்புக் கேட்டுவிட்டானாம்.

அது நல்லதுதான். மகள் பொய்க்காரி இல்லை என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் எடுக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவில்லை. நானே எடுத்தேன். முதல் தரம் நான் எடுத்தது.

குரல் சந்தோஷமாக இருந்தது. "அம்மா! எத்தன பேர் பாத்துட்டாங்க தெரியுமா? ஒரு ரேடியோவிலருந்து கூடக் கேட்டாங்க. எல்லாரும் ஒங்களப் பத்தித்தான் கேக்கறாங்க. ஒருத்தர் விடாம ஒங்கள மன்னிச்சிட்டாங்கம்மா."

பிறகு கேட்டேன். வாழ்க்கையில் அவளிடம் நான் கேட்ட பெரிய கேள்வி அது.

"நீ?"

"என்னம்மா?"

"நீ மன்னிச்சிட்டியா பாப்பா?"

"ஐயோ அம்மா" என்று சிரித்தாள். "நான் வீடியோவுலயே சொல்லிருக்கேனே. கடைசில. நீங்க கடைசி வரைக்கும் பாக்கலையா? பாருங்கம்மா, அதுக்குத்தான் எல்லாரும் அழுதாங்க."

கடையில் ஆள் கூப்பிடுகிறார்கள் என்றாள். வைத்துவிட்டாள்.

பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீடியோவின் கடைசியைக் காட்டு என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோனாள்.

நான் அழுகிறது முடிந்து மகள் வந்தாள். கொழும்பு அறை. நான் இல்லாத இடம். பின்னால் மெதுவாக ஒரு பாட்டுச் சத்தம். நேரே பார்த்தாள். அந்தக் கறுப்புப் புள்ளியைத்தான் பார்த்திருப்பாள். எனக்கு என்னைப் பார்த்த மாதிரியும் இருந்தது, எல்லாரையும் பார்த்த மாதிரியும் இருந்தது.

"அம்மா" என்றாள். "நான் ஒங்கள மன்னிச்சிட்டேன்."

நல்லாத்தான் சொன்னாள். குரல் உடையவேண்டிய இடத்தில் உடைந்தது. எத்தனையாவது தடவை சொன்னது என்று யோசித்தேன். முதல் தடவையாகவும் இருக்கலாம்.

பக்கத்துக் காம்பராக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னொரு தடவ போடவாக்கா?" என்றாள்.

வேண்டாம் என்றேன்.